சாதுப் புழுக்கள்

காலை பதினொரு மணிக்குத் தங்கை போன் செய்தாள். அந்த நேரத்தில் நான் முட்டை எண்ணிக்கொண்டிருப்பேன் என்பது அவளுக்குத் தெரியும். கோழி முட்டை இல்லை. அதை எண்ணுகிறவள் அவள். நான் எண்ணுவது பூச்சி முட்டை.

"அக்கா, உன் சோளத்தைப் புழு தின்னுது."

"தின்னாது."

"தின்னுதுங்கறேன், தின்னாதுங்கறே. வயல்ல நிக்கறது நானா, நீயா?"

"வெட்டுக்கிளி கடிச்சிருக்கும். நல்லாப் பாரு."

"வெட்டுக்கிளி குருத்துக்குள்ள உட்கார்ந்து கழியுமா? செடிக்குச் செடி மரத்தூள் கொட்டின மாதிரி இருக்கு. விரலை விட்டா ஈரமா ஒட்டுது. படம் எடுத்து அனுப்பவா, இல்ல அதையே ஒரு பொட்டலம் கட்டி அனுப்பவா?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. புழுவின் மேல் இல்லை, அவள் மேல். பதினோரு வருஷமாகப் படைப்புழுவோடு குடித்தனம் நடத்துகிறவள் நான். ஆராய்ச்சிப் பண்ணையில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, 'புழுக்கா' என்றுதான் கூப்பிடுவார்கள். எனக்குப் போய் இவள் புழு எது, வெட்டுக்கிளி எது என்று பாடம் எடுக்கிறாள்!

"விதையை மாத்திப் போட்டுட்டியா? பழைய மூட்டையில இருந்து அள்ளிப் போட்டியா?" என்று கத்தினேன்.

"மூட்டையைப் பிரிச்சவ நீ. வரப்புல நின்னு வரிசைக்கு வரிசை என்னை விரட்டி விரட்டிப் போட வெச்சவ நீ. இப்ப என்னைக் கேக்கறியா?" என்று வைத்துவிட்டாள்.

விஷயத்தை முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். எங்கள் பண்ணையில் ஒரு மக்காச்சோள ரகம் தயாராகிக்கொண்டிருந்தது. அதற்கு இன்னும் பெயர் வைக்கவில்லை, எண்தான். நூற்றுப் பன்னிரண்டு. மருந்தே அடிக்காமல் படைப்புழுவைத் தாங்குகிற சோளம். எங்கள் டாக்டர், வைத்தியர் இல்லை, சோளத்தில் டாக்டர், ஒன்பது வருஷம் அதற்காகப் பாடுபட்டார். நூற்றுக்கணக்கில் செடி வைப்பார். நான் வளர்த்த குஞ்சுப் புழுக்களை மெல்லிய தூரிகையால் எடுத்து ஒவ்வொரு செடியின் குருத்திலும் பத்துப் பத்தாக விடுவேன். இரண்டு வாரம் கழித்து இலைக்கு மார்க் போடுவோம். ஒன்று என்றால் கீறல்கூட இல்லை. ஒன்பது என்றால் நடுநரம்பைத் தவிர மிச்சமில்லை. குறைந்த மார்க் வாங்கின செடிகளுக்கு உறை மாட்டி, ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றின் கதிரில் தட்டி, விதை எடுத்து, மறுபடி விதைத்து, மறுபடி புழு விட்டு, இப்படியே பதினேழு பருவம். கடைசியில் நூற்றுப் பன்னிரண்டு இரண்டு மார்க்கில் வந்து நின்றது. பக்கத்தில் நட்ட பழைய ரகத்துக்கு ஏழு. நூற்றுப் பன்னிரண்டின் இலை தடிப்பு, குருத்தில் முரட்டு ரோமம். என் புழு ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிவிடும்.

அதைப் பார்த்து நான் அழுதிருக்கிறேன், சொல்வதற்கென்ன. என் தங்கை இருநூறு கோழி வளர்க்கிறாள். வயலில் விளைகிற சோளம்தான் அவற்றுக்குத் தீனி. மூன்று வருஷமாகப் புழு தின்றது போக மிஞ்சினதுதான் கோழிக்கு. முதுகில் டேங்கைக் கட்டிக்கொண்டு வாரா வாரம் மருந்தடித்ததில் இருமலும் கண் எரிச்சலும் அவளோடு ஒட்டிக்கொண்டன. அவள் புருஷன் லாரி ஓட்டுகிறான். மாதத்தில் நாலு நாள் வீட்டிலிருந்தால் அதிகம். அதனால், ஒரு விவசாயி வயலில் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், முந்திரிக்கொட்டை மாதிரி முந்திக்கொண்டு என் தங்கை வயலைச் சொன்னவள் நான். "ஒரு மூலையில போட்டுப் பாக்கறேன்க்கா" என்றவளை, "என் மேல அவ்வளவுதான் நம்பிக்கையா?" என்று வாயடைத்து வயல் முழுக்கப் போட வைத்தவளும் நான். ஒரே ஒரு நிபந்தனை, மருந்து அடிக்கக் கூடாது.

ஏழு வாரத்தில் ரக வெளியீட்டுக் குழு பண்ணைக்கு வருவதாக இருந்தது. அவர்கள் சரியென்று தலையாட்டினால் அடுத்த பருவத்திலிருந்து நூற்றுப் பன்னிரண்டு நாடு முழுக்க மூட்டை மூட்டையாகப் போகும்.

மத்தியானமே லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறினேன். வழி நெடுக அவளைத் திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே போனேன்.

அவள் வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். வா என்று ஒரு வார்த்தை இல்லை. நான் நேராக முதல் வரிசைக்குப் போய், பழக்கதோஷம், மார்க் போட ஆரம்பித்தேன். ஐந்து. ஆறு. ஏழு. ஆறு. எட்டு. பத்தாவது செடியோடு நிறுத்தினேன். குருத்தைப் பிரித்தேன். உள்ளே சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு புழு, நெற்றியில் படைப்புழுவுக்கே உரிய கவட்டைக் கோடு. என் அறையில் வளர்கிற அதே ஜாதிதான். இரண்டு விரலால் பிடித்து இழுத்தேன். திரும்பி வெடுக்கென்று கடித்தது. பதினோரு வருஷத்தில் என்னைக் கடித்த முதல் புழு அது.

"சந்தேகம் தீர்ந்துதா மகாராணிக்கு?" என்றாள் தங்கை.

"எத்தனை நாளாச்சு?"

"ஒரு வாரமா இலையில ஓட்டை தெரிஞ்சுது. நீ சொன்னியே, 'மொதல்ல கொஞ்சம் கொறிக்கும், அப்புறம் பிடிக்காமப் போயிடும்'னு. பிடிக்காமப் போகும் பிடிக்காமப் போகும்னு பாத்துட்டே இருந்தேன். அதுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு."

நான் அடுத்த செடியின் குருத்தைப் பிரித்தேன்.

"இப்பவே அடிச்சாப் பாதியாவது தேறும். இன்னும் நாலு நாள் போனா எல்லாம் தண்டுக்குள்ள இறங்கிடும், அப்புறம் மேல குளிப்பாட்டி என்ன பிரயோஜனம்? அடிக்கட்டுமா?"

"ரெண்டே ரெண்டு நாள் பொறுடி. டாக்டரைக் கேக்கணும்."

"உங்க டாக்டர் வந்து என் கோழிக்குத் தீனி போடுவாரா?"

அவள் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் நான் புழு பொறுக்கினேன். அறுபது புழு, அறுபது டப்பா. ஒன்றாகப் போட்டால் ஒன்றையொன்று தின்றுவிடும். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்தபோது உள்ளே பிராண்டுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என் புழுக்கள் பிராண்டி நான் கேட்டதே இல்லை.

மறுநாள் காலை நாலு தொட்டி எடுத்தேன். நாலிலும் நூற்றுப் பன்னிரண்டு, ஒரே வயது, ஒரே உயரம். இரண்டில் என் புழு பத்துப் பத்து, இரண்டில் தங்கை வயல் புழு பத்துப் பத்து, அளவு பார்த்துப் பொறுக்கி விட்டேன். வலை போட்டு மூடினேன். அடுத்த நாள் விடிந்து போய்ப் பார்க்கிறேன்: வயல் புழு இருந்த தொட்டிகளில் இலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. என் புழுக்கள் தொட்டி விளிம்பில் வரிசையாக உட்கார்ந்திருந்தன. டப்பா எங்கே, சாப்பாடு எங்கே என்று கேட்கிற மாதிரி இருந்தது.

எல்லாம் பளிச்சென்று தெரிந்தது, தெரிந்த வேகத்தில் உடம்பெல்லாம் எரிந்தது.

என் புழுக்கள் இலையைத் தின்று வளரவில்லை. பயறு மாவும் ஈஸ்ட்டும் கலந்து காய்ச்சிய கூழைக் கட்டியாக்கி டப்பாவில் போடுவேன், அதுதான் அவற்றுக்குத் தீனி. வருஷத்துக்குப் பன்னிரண்டு தலைமுறை, பதினோரு வருஷத்துக்கு நூற்று முப்பது தலைமுறை. சோளம் என்றால் என்ன என்று அவற்றின் பாட்டனுக்குப் பாட்டனுக்கே தெரியாது. வயலிலிருந்து புதுப் பூச்சி பிடித்து வந்து அவ்வப்போது கலக்க வேண்டும் என்பது இந்த வேலையின் அரிச்சுவடி. மூன்றாவது வருஷம் நான் அப்படிக் கொண்டுவந்தேன். அதோடு ஏதோ நோயும் வந்து, பாதிப் புழு கறுத்துச் செத்தது. ஒரு பருவமே வீண். டாக்டர் ஒரு வாரம் என்னை வறுத்தெடுத்தார். "இனிமே வெளிப்புழு இந்த வாசலைத் தாண்டக் கூடாது" என்றார். அதற்கப்புறம் இரண்டு தடவை மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். முறைத்தார். விட்டுவிட்டேன்.

அவரை மட்டும் சொல்லி என்ன? ஒவ்வொரு தலைமுறைக்கும் யாரை வைப்பது, யாரைக் கழிப்பது என்று தீர்மானித்தவள் நான்தானே. மூடியைக் கடிக்கிற புழுவைத் தூக்கி எறிந்தேன். பக்கத்துப் புழுவைத் தின்கிற முரட்டுப் புழுவை எறிந்தேன். கூழைக் கட்டிக்கொண்டு கொழுகொழுவென்று சாதுவாகக் கிடப்பவற்றை மட்டும் அடுத்த தலைமுறைக்கு வைத்தேன். பார்வையாளர்கள் வந்தால் டாக்டர் என் அறையைத்தான் முதலில் காட்டுவார். "பாருங்க, எல்லாம் ஒரே அளவு, ஒரே நாள்ல கூடு கட்டும்" என்பார். நானும் பல்லெல்லாம் தெரிய நிற்பேன். ஒரு பக்கம் அவர் சோளத்தைப் பொறுக்கிக்கொண்டே போனார், மறுபக்கம் நான் புழுவைப் பொறுக்கிக்கொண்டே போனேன். அவர் சோளம் ஜெயித்தது என் செல்லங்களைத்தான். வெளியே இருக்கிற படைப்புழு அதை வெறும் வாயில் மென்றுவிடும்.

நாலு தொட்டியையும் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே டாக்டர் அறைக்குப் போனேன். அவர் பார்த்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"தொட்டிச் செடி. தொட்டியில இலை மெல்லிசாத்தான் இருக்கும்," என்றார்.

"நாலும் தொட்டிதான் சார். ரெண்டை ஏன் தொடல?"

"பத்துப் புழு, ஒரு நாள். இதெல்லாம் ஒரு சோதனையா?"

"என் தங்கச்சி வயல் முழுக்க ஆறும் ஏழும் எட்டும் சார். நானே மார்க் போட்டேன்."

அவர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார். "ஒன்பது வருஷம்மா. என் பொண்ணு பிறந்தப்போ நான் மகரந்தம் தட்டிட்டு இருந்தேன்," என்றார். அந்த ஒரு நிமிஷம் எனக்கு அவர் மேல் இரக்கம் வந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என் மேல் எரிச்சலாக இருக்கிறது.

ஏனென்றால் அடுத்த நிமிஷம் அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சொன்னார்: "உங்க தங்கச்சி நஷ்டப்பட வேண்டாம். நாளைக்கே நம்ம வேன்ல மருந்து அனுப்பறேன். பண்ணை மேஸ்திரியையும் அனுப்பறேன், அவரே அடிச்சுக் குடுத்துடுவார்."

"அப்போ சோதனை?"

"அது நல்லபடியா முடிஞ்சதா எழுதிக்கலாம்."

"மருந்தடிச்சதை எழுதுவீங்களா?"

அவர் மேஜையில் இருந்த பேனாக்களை ஒவ்வொன்றாக நேராக்கினார். "எல்லாத்தையும் எழுத ஆரம்பிச்சா எதுவும் வெளிய வராதும்மா. ரகம் போகட்டும். குறை இருந்தா அடுத்த ரகத்துல சரி பண்ணிக்கலாம்."

"அதுவரைக்கும் மருந்தடிக்காம நம்பிப் போடறவங்க?"

"இதோ பாருங்க," என்றார், குரலைத் தணித்து. "இது எல்லாத்துக்கும் காரணம் உங்க புழு. அதை நான் யார்கிட்டயும் சொல்லல, சொல்லவும் மாட்டேன். புரியுதா?"

நன்றாகப் புரிந்தது. தொட்டிகளை மறுபடி வண்டியில் ஏற்றினேன். அவசரத்தில் ஒன்று விழுந்து உடைந்தது. பெருக்காமல் அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் வேனில் நானும் போனேன். மேஸ்திரி மருந்து டின்னை இறக்கினான். நான் வயலுக்குள் போய்க் கையை விரித்துக்கொண்டு நின்றேன். இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது, அன்றைக்கு இல்லை.

"அடிக்காதேடி. இப்ப அடிச்சா இந்தச் செடி தானாத் தேறினதா எழுதுவாங்க. உன் வயலைக் காட்டி ஊரையே ஏமாத்துவாங்க."

தங்கை என்னை மேலும் கீழும் பார்த்தாள். "அன்னிக்கு அடிக்காதே, இந்தச் சோளம் நல்ல சோளம்னே. இன்னிக்கு அடிக்காதே, இந்தச் சோளம் கெட்ட சோளம்ங்கறே. எப்படிப் பாத்தாலும் நான் அடிக்கக் கூடாது, இல்லையா?"

"நான் சொல்றது என்னன்னா..."

"உனக்கு நிரூபிக்கணும். எனக்குக் கதிர் வேணும். நகரு."

அவள் சொன்னதில் ஒரு எழுத்துப் பிசகில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். நகர்ந்தேன். அவளே ஒரு டேங்கை முதுகில் மாட்டிக்கொண்டு இருமிக்கொண்டே ஒரு பக்கமாக அடித்துக்கொண்டு போனாள். வேன் கிளம்பும்போதும் என்னிடம் பேசவில்லை. அதற்கப்புறம் நான் போன் செய்தால் எடுக்கவும் இல்லை.

இனி எனக்கு ஒரே வழிதான் மிச்சமிருந்தது. குழு வருகிற அன்று காட்டுவதற்கென்று வலைக்கூண்டுக்குள் ஒரு பாத்தி வைப்பது வழக்கம். ஒரு வரிசை பழைய ரகம், ஒரு வரிசை நூற்றுப் பன்னிரண்டு, மாற்றி மாற்றிப் பத்து வரிசை. குழு வருவதற்கு இரண்டு வாரம் முன்னால் அதில் புழு விடுவது என் வேலை. எந்தப் புழு என்று எந்தக் காகிதத்திலும் எழுதியிருக்கவில்லை.

தங்கை வயல் புழுக்களை உபயோகமில்லாமல் கிடந்த சாமான் அறையில் தனியாக வைத்து வளர்த்தேன், பழைய கூட்டத்துக்கு நோய் தொற்றக் கூடாதென்று. அப்பா, என்ன ஆட்டம்! கூழைக் கொடுத்தால் சீண்டவில்லை, தினமும் இலை பறித்துப் போட வேண்டியிருந்தது. மூன்று டப்பா மூடியைக் கடித்து ஓட்டை போட்டன. ஒன்று தப்பித்து, ஜன்னல் ஓரம் நான் வைத்திருந்த ரோஜாச் செடியைக்கூடக் கடித்துப் பார்த்திருந்தது. அறுபதில் நாற்பத்தொன்று கூடு கட்டின. பூச்சியாகி முட்டை வைத்தன, தாள் முழுக்கப் பஞ்சு பஞ்சாக. நான் எதையும் பொறுக்கவில்லை. முரடு, நோஞ்சான், கடிக்கிறது, கடிக்காதது, எல்லாவற்றையும் வைத்துக்கொண்டேன்.

குழுவுக்கான விளக்கப் படங்களைத் தயாரிக்க டாக்டர் இரண்டு வாரம் தலைமை அலுவலகத்துக்குப் போனார். போகும்போது என் அறை வாசலில் நின்று, "வழக்கம் போலப் பத்துப் பத்தா விட்டுடுங்க," என்றார். "சரி சார்," என்றேன். எந்தப் புழு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அது தப்பென்றால் தப்புதான். ஆனால் பாத்தி முகப்பில் குத்துகிற அட்டையில் என் கையாலேயே கொட்டை எழுத்தில் எழுதினேன்: புழு, வயலில் பிடித்ததன் குஞ்சு. பொய் சொல்ல எனக்கு அவசியம் இல்லை.

எட்டாம் நாள் மேஸ்திரி வலைக்கு வெளியே நின்று அலறினான். "புழுக்கா! என்ன அநியாயம் இது? நூற்றுப் பன்னிரண்டு போச்சே! சார் வந்தா என் தோலை உரிச்சிடுவாரே!"

"உன் தோலை ஏன் உரிக்கிறார்? புழு விட்டது நான்."

"யாருக்கும் தெரியாம ஒரே ஒரு தெளிப்பு தெளிச்சிடறேனே? இலை கொஞ்சம் துளிர்த்துடும்."

"டேங்கைத் தொட்டுப் பாரு. உன்னைத் தொட்டியில நட்டு உன் தலையில பத்துப் புழு விடறேன்."

அவன் போய்விட்டான். ஆனாலும் எனக்கு நம்பிக்கை இல்லை. வலைக்கூண்டின் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டேன். சாப்பாட்டு நேரத்திலும் கூண்டு வாசலில் உட்கார்ந்தே சாப்பிட்டேன்.

குழு வந்த காரிலேயே டாக்டரும் வந்து இறங்கினார். கையில் வழவழவென்று ஒரு புத்தகம், அட்டையில் நூற்றுப் பன்னிரண்டின் படம். குழுத் தலைவி வெயிலுக்குத் தொப்பி போட்ட, மெலிந்த அம்மாள். அதிகம் பேசாதவர். டாக்டர் பேசிக்கொண்டே முன்னால் நடந்து, பேசிக்கொண்டே கூண்டுக்குள் நுழைந்து, பாதிப் பேச்சில் நின்றார்.

பத்து வரிசையும் ஒன்றுபோல் நின்றன. நரம்பும் தண்டுமாக.

"இதுல நூற்றுப் பன்னிரண்டு எது டாக்டர்?" என்று அந்த அம்மாள் கேட்டார். கிண்டல் இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

டாக்டர் அட்டையைப் படித்தார். முகம் கறுத்தது. என் பக்கம் திரும்பி விரலை நீட்டினார். "இவங்க புழுவை மாத்திட்டாங்க மேடம்! யாரையும் கேக்காம மாத்திட்டாங்க! இது நம்ம புழு இல்ல! இது வெளியில, வயல்ல பிடிச்ச புழு!"

அவர் என்ன சொல்லிவிட்டார் என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் புரிந்துவிட்டது.

"சரி," என்றார் அந்த அம்மாள் நிதானமாக. "இந்த விதையை யாருக்குக் குடுக்கப் போறீங்க?"

"விவசாயிங்களுக்கு."

"அவங்க வயல்ல எந்தப் புழு டாக்டர் இருக்கு?"

அந்த அம்மாள் கையிலிருந்த அறிக்கையைப் புரட்டினார். "விவசாயி வயல்ல மருந்தே இல்லாம நல்லா வந்திருக்குன்னு இதுல எழுதியிருக்கே?"

"அது என் தங்கச்சி வயல்ங்க," என்றேன். குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. "மருந்தடிச்சாங்க. மருந்து போனது இந்தப் பண்ணை வேன்லதான். டின்னைப் பிடிச்சு இறக்கினவர் அதோ நிக்கறார், கேட்டுக்குங்க."

மேஸ்திரி தரையைப் பார்த்துக்கொண்டு தலையை ஆட்டினான்.

"இன்னொண்ணும் எழுதிக்குங்க," என்றேன். "அந்தப் பழைய புழு என் வளர்ப்பு. கடிக்கிறதையெல்லாம் கழிச்சுக் கழிச்சு அதைப் பல்லில்லாத புழுவா ஆக்கினது நான். வெளிப்புழு வேண்டாம்னு சார் சொன்னார். அது தப்புன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சும் எட்டு வருஷம் வாயை மூடிட்டு இருந்தேன். திட்டறதா இருந்தா ரெண்டு பேரையும் சேர்த்துத் திட்டுங்க."

"ஒன்பது வருஷம்," என்றார் டாக்டர் யாரிடமோ சொல்வதுபோல.

"எனக்குப் பதினொண்ணு சார்," என்றேன்.

நூற்றுப் பன்னிரண்டு அன்றே நிறுத்தப்பட்டது. அனுமதியில்லாமல் புழுவை மாற்றியதற்கு விளக்கம் கேட்டு எனக்கு ஒரு கடிதம் வந்தது. அறிக்கையில் பொய் எழுதியதற்கு டாக்டருக்கும் ஒன்று. பழைய கூட்டத்தை அழிக்கச் சொன்னார்கள். நாலாயிரம் டப்பா. தட்டுத் தட்டாக நானே ஃப்ரீசரில் வைத்தேன். ஒன்றுகூட எதிர்க்கவில்லை, கூழைத் தின்றுகொண்டே விறைத்துப்போயின. அந்த நேரத்தில் அவற்றைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. ஆனால் கழித்துப்போட்ட பழைய விதைகளையெல்லாம் எடுத்து மறுபடி முதலிலிருந்து விதைத்தார். நான் புதுப் புழு விட்டேன். முதல் சுற்றில் எதுவும் ஐந்துக்குக் கீழே வரவில்லை. அவர் மார்க் அட்டையை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.

அறுவடை முடிந்த ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்குப் போனேன். கோழிக் கூண்டில் பாதிக்கு மேல் காலி. எண்பதுதான் இருக்கும். முற்றத்தில் கதிர்கள் கிடந்தன, சின்னச் சின்னதாக, நுனியில் மணி பிடிக்காமல். அவள் உட்கார்ந்து உதிர்த்துக்கொண்டிருந்தாள். நான் எதிரே உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாத்தி, மேஸ்திரி, டாக்டர் விரலை நீட்டியது, அந்த அம்மாள் கேட்ட கேள்வி, ஒன்று விடாமல். அவள் நிமிரவே இல்லை. சிரிக்கிற இடத்தில் சிரிக்கவும் இல்லை.

"நிறுத்தியாச்சுடி," என்றேன். "இனிமே ஒரு விவசாயிக்கும் அந்த விதை போகாது."

"ஒருத்திக்குப் போச்சு," என்றாள்.

நான் ஒரு கதிரை எடுத்து உதிர்க்கப் போனேன். அவள் அதை என் கையிலிருந்து பிடுங்கித் தன் பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.